சுல்தானுக்கு லாடம் அடித்தது நான்

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மாங்குளத்தில், பெரிய வீதியோரம், ஒரே நிலத்தில் மூன்று தடவை பட்டறை கட்டினேன். முதல் இரண்டையும் சண்டை கொண்டுபோனது. மூன்றாவது இன்றும் நிற்கிறது. கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை காட்டுங்கள் பார்ப்போம். என் கையால் வெட்டி இறக்கிய கிணறு பங்குனி வெயிலிலும் வற்றாது. மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பித்தேன். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். மாட்டு வண்டிச் சவாரித் திடலின் வாசல் இரும்புப் படலை என் வேலை. ஊர்க் கோயில் தேர்ச் சில்லுகளுக்கு இரும்புப் பட்டை போட்டவன் நான். இவ்வளவையும் செய்தவன் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது. மாட்டைத் தவிர வேறெந்தப் பிராணிக்கும் லாடம் அடித்துப் பழகாத இந்தப் பக்கத்தில், நான் ஒரு குதிரைக்கு அடித்தேன். அந்தக் குதிரை இன்றும் நடக்கிறது.

சவாரிச் சங்கத்துப் பொடியங்கள் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "மார்க்கண்டு அண்ணை, உங்கடை அனுபவத்தை எழுதித் தாங்கோ. ரெண்டு பக்கம் காணும்" என்றார்கள். இரண்டு பக்கத்தில் என் வலது கையின் அனுபவமே அடங்காது. இப்போது லாடம் கடையில் பெட்டியில் வருகிறது, எப்படி அடிப்பது என்று கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. பெட்டிக்குள் லாடம் இருக்கிறது, ஆணியும் இருக்கிறது. மாடு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்தவர். எங்கள் வீட்டில் எவரும் சுத்தியல் பிடித்ததில்லை. கலப்பைக் கொழு தீட்டிக்கொண்டு வா என்று என்னைச் செல்லத்துரை ஐயாவின் பட்டறைக்கு அனுப்பினார்கள். நெருப்பைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். துருத்தி ஊதினேன், கரி அள்ளினேன், கால் சுட்டுக்கொண்டேன். பழகிய காலத்தைப் பற்றி அவ்வளவு போதும்.

செல்லத்துரை ஐயாவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லவேண்டும். வேலை நேரத்தில் அவர் வாய் நிறைய லாட ஆணி இருக்கும். அதனால் எங்களோடு புருவத்தால் மட்டும் பேசுவார். இடது புருவம் ஏறினால் குறடு, வலது புருவம் ஏறினால் அரம். இரண்டும் ஏறினால் நாங்கள் ஓடிவிடுவோம். ஆணி தீர்ந்து வாய் காலியானபிறகும் மாட்டோடு மட்டுமே பேசுவார். "கொஞ்சம் பொறுங்கோ ராசா, முடிஞ்சுது" என்று மாட்டுக்கு மரியாதை கொடுப்பார். எனக்கு அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

லாடம் அடிக்கும் முறை இதுதான். மாட்டின் கழுத்தில் ஒரு சுற்று, நெஞ்சில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று என்று வடத்தைப் போட்டுப் பின்னால் இரண்டு பேர் நிதானமாக இழுக்கவேண்டும். வெட்டி இழுக்கக்கூடாது. மாடு முழங்காலை மடித்துப் பாய் விரித்த மாதிரிச் சரிந்து படுக்கும். ஒருவர் தலையில் இருக்க, நாலு காலையும் சேர்த்துக் கட்டிக் கவட்டுத் தடியில் ஏற்றவேண்டும். மாட்டுக்குக் குளம்பு பிளவு, ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு. கத்தியால் குளம்பைச் சீவி, தகட்டை வைத்து, ஆணியை வெளிப்பக்கம் சரித்து அடித்து, வெளியே வந்த நுனியை முறித்து, அரத்தால் ராவ வேண்டும். அடிக்கும்போது காது வேலை செய்யவேண்டும். ஆணி செத்த குளம்பில் இறங்கினால் 'டிங், டிங்' என்று சத்தம் ஏறும். உயிர்ச் சதைக்குக் கிட்டப் போனால் சத்தம் மந்தமாகும். அந்த நேரத்தில் ஆணியைப் பிடுங்கவேண்டும். பார்ப்போம் என்று இன்னோர் அடி அடித்தால் மாடு நொண்டும். ஐயா எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மந்தச் சத்தம் கேட்டும் நான் ஓங்கிய ஒருநாள், என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு புருவத்தையும் ஏற்றினார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அவருக்குப் பிறகு நான். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் இரும்பு அடிக்கிற பட்டடைக்கல்லை மண்ணில் புதைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்து கிண்டி எடுத்தேன். மாங்குளத்திலிருந்து புதுக்குடியிருப்பு வரை வண்டி மாடு வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் அடித்த மாடு நொண்டியது என்று ஒருவர் சொன்னால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே குதிரைக்கு வருகிறேன்.

வவுனியா நெளுக்குளத்தில் யோகநாதன் என்றொருவர். மணவறை, பந்தல், மேசை, கதிரை, லைற் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று, மலைநாட்டில் பந்தயம் ஓடி முடித்த ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கி வந்தார். அதுதான் சுல்தான். வரும்போதே வயது போனது. கொஞ்சக் காலம் நல்ல உழைப்பு. ஆனால் நம்முடைய மாப்பிள்ளைமார் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், ஒருவரிலேயே இரண்டு மாப்பிள்ளை இருக்கும். தார் வீதியில் அந்தப் பாரத்தோடு நடந்து நடந்து குதிரை முன் வலது காலைத் தூக்கிக்கொண்டது. ஊன்றவே இல்லை.

யோகநாதன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, உங்களாலை ஏலுமெண்டா வந்து பாருங்கோ. தெற்கிலை ஒருத்தர் கிழட்டுக் குதிரை எடுக்கிறவர். மாசக் கடைசியிலை லொறியோடை வாறன் எண்டிட்டார். அதுக்கு முன்னம் நடந்தா வைச்சிருப்பன். நடக்காட்டி என்ன செய்யிறது, குடுக்கத்தான் வேணும்."

கிழட்டுக் குதிரையை எடுக்கிறவர் அதை எதற்கு எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் மனிசி குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. "இஞ்சருங்கோ, மாடு விழுத்திப்போட்டு வந்தே மூண்டு நாள் நாரி முதுகைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறியள். இனிக் குதிரையோ?"

"குதிரையும் நாலு கால்தான்" என்றேன்.

"உங்களுக்கு ரெண்டு கால். அதை நினைச்சுக்கொண்டு போங்கோ."

சவாரிச் சங்கத்துப் பொடியங்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வடத்தையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். யோகநாதனின் வீட்டு வளவுக்குள் வாடகைக் கதிரைகள் மலை மாதிரி அடுக்கியிருந்தன. பக்கத்தில் மாமரத்தின் கீழ் சுல்தான் நின்றது. பிடரி மயிர் நரைத்து, கண்ணுக்கு மேல் பள்ளம் விழுந்து, பென்சன் எடுத்த பெரிய உத்தியோகத்தர் மாதிரி ஒரு நிற்பு. நான் வடத்தை எடுத்தேன். கழுத்தில் ஒரு சுற்று, நெஞ்சில் ஒரு சுற்று. இதை வைத்து இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். ஆயுள் முழுக்க மாட்டை விழுத்தி லாடம் அடித்தவன் குதிரையைக் கண்டால் வேறென்ன செய்வான்? குதிரையை நிற்கவைத்து அடிப்பது என்று எனக்கு யார் சொன்னது?

இடுப்பில் மூன்றாவது சுற்றுப் போட்டு இழுத்ததுதான் தாமதம். மாடு என்றால் மடிந்துவிடும். சுல்தான் மடியவில்லை, பின்வாங்கியது. நொண்டிக் கால் குதிரை என்று நினைத்த எங்கள் மூன்று பேரையும் வடத்தோடு இழுத்துக்கொண்டுபோய்க் கதிரை மலையில் சாய்த்தது. நூற்றுக்கணக்கான பிளாஸ்ரிக் கதிரை எங்கள் தலையில். குதிரை கண் வெளுத்து, உடம்பு நடுங்க, மூன்று காலில் நின்று மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வான் வாசலில் வந்து நின்றது.

யோகநாதனின் மகள் கம்சிகா. ஐந்தாம் வகுப்பு. புத்தகப் பையை வாசலிலேயே எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"தாத்தா! என்ன செய்யிறியள் அவரை?"

கதிரைக்குள்ளிருந்து தலையை நீட்டினேன். "விழுத்திறம் பிள்ளை. விழுத்தினாத்தானே அடிக்கலாம்."

"ஏன் விழுத்திறியள்? கால் வேணுமெண்டா கேளுங்கோவன். தருவார்."

சவாரிப் பொடியன் ஒருவன் முழங்கையைத் தடவிக்கொண்டே, "கேட்டா நாலையும் ஒண்டாத் தருவாரோ?" என்றான்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணா. நாலையும் தந்தா அவர் எப்பிடி நிக்கிறது?"

நான் எழும்பித் தூசி தட்டினேன். "அவர் எண்டிறாய். குதிரைக்கோ?"

"எனக்குப் பத்து வயசு. அவருக்கு இருவத்திமூண்டு. அண்ணை எண்டுதானே சொல்லோணும்" என்றாள். கணக்குச் சரி, நான் வாதாடவில்லை.

அவள் வடத்தை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். அவசரப்படவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பாதிப் பணிஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பள்ளியில் சாப்பிடாமல் மிச்சம் பிடித்தது. குதிரை அதைத் தின்று முடித்து, தாடையை அவள் தோளில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நடுக்கம் அடங்கியது. அவள் தன் தோளால் அதன் தோளில் மெல்லச் சாய்ந்து, கையைக் காலோடு தடவிக் கீழே கொண்டுபோய், "அண்ணை, கால்" என்றாள்.

தந்தது. நோகிற காலைத் தானே மடித்துத் தந்தது.

நான் குனிந்து அந்தக் காலை என் தொடையில் வாங்கினேன். குறட்டால் குளம்பைச் சுற்றிவர மெதுவாக நெரித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தது. அங்கே கத்தியால் சீவினால் பழைய ஆணி ஒன்றின் முறிந்த துண்டு. முன்பு எவரோ அடித்தது, பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள். துண்டை எடுத்ததும் கறுப்பாய்ச் சீழ் வந்தது. மணம் சொல்ல முடியாது. யோகநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். கம்சிகா போகவில்லை.

"தாத்தா, இது நல்லதோ கூடாதோ?"

"நல்லது பிள்ளை. வெளியிலை வந்திட்டுது."

அப்போதுதான் அவள் அழுதாள், சத்தமில்லாமல். பிறகு கேட்டாள்: "லொறி வாறதுக்குள்ளை நடப்பாரோ? லொறியிலை போறவை திரும்பி வாறேல்லை எண்டு எனக்குத் தெரியும். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ எனக்குத் தெரியுமெண்டு."

எனக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். "நான் அடிச்ச ஒண்டும் நொண்டினதில்லை" என்றேன். அன்றைக்கு அப்படித்தான் சொல்ல வந்தது. சொன்னபிறகு பின்வாங்க எனக்குத் தெரியாது.

மறுநாள் மிருக வைத்தியர் வந்து பார்த்தா. இளம் பெண், நல்ல பிள்ளை. ஆணி குத்தினால் போடுகிற ஏற்பு ஊசி போட்டுவிட்டு, "நீங்கள் திறந்துவிட்டது சரி ஐயா" என்று தொலைபேசியில் எனக்கே சொன்னா. இன்னொன்றும் சொன்னா. குதிரையின் குளம்படியில் ஓரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும், ஆணி அதற்கு வெளியேதான் இறங்கவேண்டும், உள்ளே போனால் திரும்பவும் இதே கதைதான். அதை நான் மறக்கவில்லை. அவவின் பங்கு அவவுக்கு.

சீழ் வடியும்வரை காலை உப்புப் போட்ட சுடுதண்ணியில் வைக்கவேண்டும், காலையும் மாலையும். அதைச் செய்தவள் கம்சிகா. வாளிக்குள் குதிரைக் காலை வைத்து, பக்கத்தில் கவிழ்த்த வாளியில் தான் இருந்து, ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதனைக்குப் படித்தாள். தாய் முதலில் கத்தினாளாம். பிறகு, ரியூசனுக்குப் போனால் படிக்காத பிள்ளை குதிரைக்குப் பக்கத்தில் படிக்கிறது என்று விட்டுவிட்டாளாம்.

நான் மாங்குளத்தில் லாடம் செய்தேன். பெட்டியில் வருவது மாட்டுத் தகடு, குதிரைக்கு உதவாது. முதல் நாளே நல்ல முன்னங்காலைக் களிமண்ணில் ஊன்றவைத்து அச்சு எடுத்திருந்தேன். பழைய வண்டிச் சில்லின் இரும்புப் பட்டையை வெட்டி, பிறை மாதிரி வளைத்து, ஓரத்தில் துளை போட்டேன். முதலாவது பெரிதாகப் போயிற்று. இரண்டாவது வளைவு சரியில்லை. மூன்றாவதை அச்சில் வைத்தபோது மயிர் நுழைய இடமில்லை. மனிசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கொரு காப்பு இந்த மாதிரிப் பாத்துப் பாத்துச் செய்யேல்லை" என்றா.

சீழ் நின்று புண் காய்ந்தபிறகு அடிக்கப் போனேன். என் வாழ்க்கையில் அடித்த லாடங்களில் அதுதான் வில்லங்கமானது. கிழட்டுக் குளம்பு, விளிம்பெல்லாம் பழைய ஆணித் துளை, சிரட்டை மாதிரிப் பிளக்கிறது. வெள்ளைக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் இருக்கிற இடமோ என் சின்ன விரல் அகலம்கூட இல்லை. குதிரை நிற்கிறது, நான் குனிந்து நிற்கிறேன், அதன் பாரத்தில் பாதி என் முதுகில். கம்சிகா தலைமாட்டில் நின்று குதிரைக்குச் சோதனைக் கேள்வி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் நின்றால் அது காலை இழுக்கும் என்று கண்டுபிடித்திருந்தாள்.

"அண்ணை, இலங்கையிலேயே நீளமான ஆறு எது?"

மகாவலி என்று எனக்கும் தெரியும். வாயில் ஆணி இருந்ததால் சொல்லவில்லை.

இரண்டு ஆணி நன்றாக இறங்கியது. திடீரென்று, "தாத்தா, இறக்குங்கோ" என்றாள். "மற்றக் கால் நோகுது அவருக்கு. காதைப் பாருங்கோ." இடது காது பின்னால் மடிந்திருந்தது. நான் இறக்கிவிட்டேன். கொஞ்சம் நின்று, "அண்ணை, கால்" என்று மறுபடி கேட்டாள். தந்தது. இப்படியே இரண்டு இரண்டாகத்தான் அடிக்க முடிந்தது. மாடு என்றால் கட்டிப்போட்டு ஒரே மூச்சில் முடித்திருப்பேன்.

ஐந்தாவது ஆணியில் சத்தம் மந்தமானது. சுத்தியல் மேலே போனபடி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த யோகநாதன், "என்னண்ணை, ஒரு அடிதானே, அடிச்சு விடுங்கோவன்" என்றார். நான் வாயில் ஆணியோடு இரண்டு புருவத்தையும் ஏற்றினேன். மனுசன் போய்க் கதிரையில் இருந்தார். ஆணியைப் பிடுங்கினேன். நுனியில் ஈரமில்லை, இரத்தமில்லை. ஒரு அரிசி அகலம் தள்ளி வேறு துளை போட்டு அடித்தேன். 'டிங்' என்றது.

மாதக் கடைசியில் லொறி வந்தது. நானும் போயிருந்தேன், வேறு ஆள் சொல்லிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. லொறிக்காரர் தெற்கத்தி ஆள், வயது போனவர். பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்துவிட்டு, "கொண்டு வாங்க" என்றார். யோகநாதன் மகளின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

கம்சிகா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளவைவிட்டு வெளியே வந்தாள். பலகைப் பக்கம் திரும்பவில்லை. நேரே தார் வீதியில் ஏறினாள். சுல்தான் அவளுக்குப் பின்னால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நொண்டுகிற குதிரையைக் காலில் பார்க்கத் தேவையில்லை, சத்தத்தில் கேட்கலாம். டக், டக், டக், டக். நாலும் ஒரே அளவு. சந்திவரை போய்த் திரும்பி வந்தார்கள். அப்போதும் நாலும் ஒரே அளவு.

கண்ணைத் திறந்தால் லொறிக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் குதிரை தெரியும். "இது நொண்டி இல்லையே முதலாளி" என்றார். "நல்லா நடக்கிற குதிரையை நான் என்ன செய்ய?" பலகையைத் தூக்கிப் பின்கதவைச் சாத்தினார்.

யோகநாதன் மகளுக்குப் பக்கத்தில் வந்தார். "பிள்ளை, இனி இவர் முதுகிலை மாப்பிள்ளை காவமாட்டார். விளங்குதோ?"

"காவ வேண்டாம் அப்பா. ஊர்வலத்துக்கு முன்னாலை நடப்பார். மாப்பிள்ளை காரிலை வரட்டும்."

"ஓம், அதுவும் வடிவாத்தான் இருக்கும்" என்றார் அவர். அப்படித்தான் இன்றுவரை நடக்கிறது. கம்சிகா சோதனையும் பாஸ். குதிரைக்கு மறுபடி லாடம் மாற்ற என் மருமகன் போகிறான். என் கை இப்போது நடுங்குகிறது. ஆனால் சத்தம் கேட்க நானும் போவேன். வடம் கொண்டுபோவதில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஒரு கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவர்கள் கம்சிகாவையும் சுல்தானையும் வீடியோ எடுத்துக் கைபேசியில் விட்டிருக்கிறார்கள். 'சிறுமியின் அன்பால் எழுந்து நடந்த குதிரை' என்று தலைப்பு. கனடாவில் இருக்கிற என் மகள்கூட அனுப்பி, "அப்பா, இந்தக் குதிரையைப் பாத்தியளோ?" என்று கேட்கிறாள். என்னிடம் கேட்கிறாள்!

கம்சிகாவிடம் கேட்டேன். "நான் சொன்னனான் தாத்தா. அவை வெட்டிப்போட்டினம்" என்றாள். அவள் சொன்னது இதுதான்: "சுல்தான் அண்ணை கால் தந்தவர். நான் பிடிச்சனான். மாங்குளத்துத் தாத்தா லாடம் அடிச்சவர்." முதல் இரண்டும் வீடியோவில் இருக்கின்றன. மூன்றாவது இல்லை.

அன்பு இருந்தது, நான் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் நான் இன்னும் கதிரைக்குள்தான் கிடப்பேன். ஆனால் அன்பு அந்த ஆணித் துண்டை எடுக்கவில்லை, நான் எடுத்தேன். படம் பிடித்தவர்களுக்கும், இந்த மலரைப் போடுகிறவர்களுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். பிள்ளை சொன்ன மூன்றையும், அவள் சொன்ன ஒழுங்கிலேயே போடுங்கள். குதிரை முதல், பிள்ளை இரண்டாவது. நான் மூன்றாவதாக நிற்கிறேன், எனக்கு அதில் குறையில்லை. வெட்டாதீர்கள்.